சுழி பிழைத்தது, உலகம் பிழைத்தது!

போர் ஓய்ந்தது. தாய்மார் தம் மக்கள் மீண்டனர் என்று பெருமூச்செறிந்தனர். உழவர் ஏர் பிடித்தனர். வணிகர் கடை திறந்தனர். ஒரே ஒரு கூட்டம் மட்டும் ஒப்பாரி வைத்தது! அமைதி வந்துவிட்டதே, இனி நம் பீரங்கிகளுக்கு வேலை ஏது என்று ஏங்கியது அக்கூட்டம். அமெரிக்காவிலே, பால்டிமோர் நகரிலே கூடியிருந்த பீரங்கிச் சங்கத்தார்தாம் அவர்கள்.

கதைதான். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1865ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பூமியிலிருந்து நிலவுக்கு' என்னும் புதினத்தின் தொடக்கம் அது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் அதே ஆண்டில்தான். போரின் புகை அடங்குமுன்னரே, போரால் பிழைத்தவர்களைப் பார்த்து நகைத்திருக்கிறார் வெர்ன். நகைப்பென்றால் வெறும் நகைப்பா! அந்தச் சங்கத்து உறுப்பினர்களில் முழு உடலோடு இருப்பவர் அரியர். கை இழந்தவர், கால் இழந்தவர், தாடை இழந்தவர் கூடியிருக்கின்றனர். செயலாளர் மாஸ்டனுக்கு ஒரு கைக்குப் பதில் இரும்புக் கொக்கி. மண்டை ஓட்டிலோ ஒட்டு. அவ்வளவு இழந்தும் அவர் இழக்காதது ஒன்று உண்டு. இன்னொரு போர் வராதா, எந்த நாட்டோடாவது சண்டை மூளாதா என்ற ஆசை அது!

சங்கத்தின் தலைவர் பார்பிகேன் ஒரு வழி கண்டார். மண்ணிலே பகைவன் இல்லையென்றால் என்ன, விண்ணிலே நிலவு இருக்கிறதே! அதன்மீது ஒரு குண்டு வீசுவோம் என்றார். மண்டபம் அதிர்ந்தது, நகரம் கூத்தாடியது, நாடுகள் பணம் அனுப்பின.

இந்நூலைப் பயணக் கதை என்றே பலரும் பாராட்டுவர். முதல் மனிதர் நிலவுக்குப் போனதை நூறாண்டுக்கு முன்னரே கண்ட தீர்க்கதரிசி என்று வெர்னைப் புகழ்வர். கதையில் பீரங்கி நாட்டப்பட்ட இடம் புளோரிடா. அப்பல்லோ புறப்பட்ட இடமும் புளோரிடா. கதையில் குண்டு வந்து விழுந்தது பசிபிக் கடலில். அப்பல்லோ 11 வந்து இறங்கியதும் பசிபிக் கடலில். 1969 சூலையில் திரும்பி வரும் வழியில் ஆர்ம்ஸ்ட்ராங்கே வெர்னின் நூலை நினைவுகூர்ந்து பேசினார். இவையெல்லாம் உண்மை. மறுப்பாரில்லை. ஆனால் நூலை மீண்டும் ஒருமுறை விரித்துப் படியுங்கள், தோழர்களே! பார்பிகேனின் முதல் திட்டத்தில் பயணமே கிடையாது. அதில் ஆள் இல்லை. அறிய வேண்டும் என்ற ஆர்வமும் பெயரளவுக்கே. இருந்தது குண்டு, குண்டு போய்ச் சேர்ந்ததை எல்லோரும் காண வேண்டும் என்பதற்காக ராக்கி மலைமேல் ஒரு மாபெரும் தொலைநோக்கி. வீசவேண்டும், வீசியது தெரியவேண்டும். அவ்வளவே குறிக்கோள்! மிஷேல் ஆர்தான் என்ற பிரெஞ்சுக்காரர் இடையில் குறுக்கிட்டு, குண்டுக்குள் நானே ஏறிக்கொள்கிறேன் என்று தந்தி கொடுத்த பிறகுதான் அது பயணமாகிறது.

தீர்க்கதரிசனம் என்று பேச விரும்புவோர் இந்த இடத்தை அல்லவா பேசவேண்டும்?

1957 அக்டோபரில் சோவியத் ஸ்புட்னிக் வானில் வலம் வந்தது. அமெரிக்காவுக்கு மானம் போயிற்று. அடுத்த ஆண்டிலேயே அமெரிக்க விமானப் படை, சிகாகோவிலிருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தாரிடம் கமுக்கமாக ஒரு பணியை ஒப்படைத்தது. நிலவின்மீது ஓர் அணுகுண்டை வெடித்தால் என்ன ஆகும் என்று ஆராய்க என்பது பணி. ஏ-119 என்பது அதன் பெயர். தலைமை தாங்கியவர் லெனார்ட் ரைஃபல் என்னும் இயற்பியலார். வெடிப்பால் எழும் தூசிமேகம் எவ்வாறு விரியும் என்று கணக்கிட்டவர் அந்நாளில் மாணவராயிருந்த கார்ல் சேகன். பிற்காலத்தில் அணு ஆயுதங்களை எதிர்த்துக் குரல் கொடுத்த அதே சேகன்! நிலவின் ஒளிப்பாதியும் இருட்பாதியும் சந்திக்கும் விளிம்பில் வெடிக்க வேண்டும்; அப்போதுதான் எழும் தூசி ஞாயிற்றொளி பட்டு மின்னும்; மண்ணுலகிலிருந்து பார்ப்போர் வியப்பர், அஞ்சுவர். வீசவேண்டும், வீசியது தெரியவேண்டும்! 1865இல் வெர்ன் நகைச்சுவையாகக் கண்டதை 1958இல் அலுவலகக் கோப்பாகக் கண்டது உலகம். இல்லை, உலகம் காணவில்லை. 1959 சனவரியில் திட்டம் கைவிடப்பட்டது. 2000ஆம் ஆண்டில் ரைஃபலே வாய் திறந்த பின்னரே ஊரார் அறிந்தனர். சோவியத்துப் பக்கத்திலும் இத்தகைய எண்ணம் எழுந்து அடங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பீரங்கிச் சங்கத்துக்கு ஒரே நாட்டில் மட்டும் கிளை இருந்ததில்லை.

இவ்வளவு கூர்மையாகத் தொடங்கிய வெர்ன் அக்கூர்மையைக் கடைசிவரை காத்தாரா? இல்லை என்பதே நம் குறை. ஆர்தான் வந்தவுடன் நூலின் முகமே மாறுகிறது. நேற்றுவரை நகைக்கப்பட்ட பீரங்கிக்காரர்கள் இன்று வீரர்கள்! 1869இல் வந்த தொடர்ச்சியான 'நிலவைச் சுற்றி' என்னும் நூலில் அவர்கள் அறிவாளிகளாகவே உலவுகின்றனர், மலைகளை அளக்கின்றனர், மாண்போடு உரையாடுகின்றனர். பகடி எங்கோ வழியில் தவறி விழுந்துவிட்டது. படைத்தவரே தம் படைப்பின்மீது காதல் கொண்டுவிட்டார் போலும்.

ஆனால் வெர்ன் மனச்சான்றுள்ள எழுத்தாளர். இருபது ஆண்டு கழித்து, 1889இல், அதே பார்பிகேனையும் அதே மாஸ்டனையும் மீண்டும் மேடையேற்றினார். அந்த மூன்றாவது நூலைத்தான் நாம் முதன்மையாக எடுத்துப் பேச விரும்புகிறோம். பிரெஞ்சில் 'தலைகீழாக' என்று பொருள்படும் பெயர். ஆங்கிலத்தில் 'வட துருவம் வாங்கிய கதை' என்பது போன்றதொரு பெயர். முதல் நூலை அறிந்தவர் ஆயிரம் பேர் என்றால் இதை அறிந்தவர் பத்துப் பேர் இருக்கலாம். ஏன் என்பதும் தெரிந்ததே. முதல் நூல் நம்மை மகிழ்விக்கிறது; மூன்றாம் நூல் நம்மை உறுத்துகிறது.

கதை இதுதான். வட துருவத்தை ஏலம் விடுகிறார்கள்! ஆம், யாருக்கும் சொந்தமில்லாத அந்தப் பனிவெளியைச் சதுர மைலுக்கு இத்தனை சென்ட் என்று கூவி விற்கிறார்கள். டென்மார்க், ரஷ்யா, ஆலந்து, இங்கிலாந்து முதலிய நாடுகளின் பேராளர்கள் பையைத் தடவிப் பார்த்து விலை கேட்கிறார்கள். இறுதியில் வாங்கியது, முகம் காட்டாத ஓர் அமெரிக்கக் கூட்டம். பனிக்கு அடியிலுள்ள நிலக்கரி அவர்களுக்கு வேண்டும். பனி தடுக்கிறதா? உருக்கிவிடுவோம். எப்படி உருக்குவது? உலகத்தின் அச்சையே நிமிர்த்திவிடுவோம்! கிளிமஞ்சாரோ மலையைக் குடைந்து, மலையையே பீரங்கியாக்கி, ஒரு பெருங்குண்டை வெடித்தால், அதன் எதிருதையில் சாய்ந்து சுழலும் உலகம் நிமிர்ந்து நிற்கும், பருவங்கள் ஒழியும், துருவம் இளகும், கரி கிட்டும்.

கடல்கள் என்ன ஆகும்? இடம் பெயரும். ஊர்கள் என்ன ஆகும்? சில மூழ்கும், சில காற்றே மெலிந்த உயரத்துக்கு எழும்பும். பங்குதாரர் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. செய்தி பரவியதும் உலகம் கொதித்தெழுகிறது. மாஸ்டனைச் சிறையிலடைத்து இடத்தைச் சொல் என்கிறார்கள். அவர் வாய் திறக்கவில்லை. இடம் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தீ வைக்கிறார்கள். மலை முழங்குகிறது...

ஒன்றுமே நடக்கவில்லை! ஏன்? மாஸ்டன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி மணி அடித்தது. இடி மின்னல் வேளை. அதிர்ச்சியில் அவர் தடுமாறினார். உலகின் சுற்றளவை 4,00,00,000 மீட்டர் என்று எழுத வேண்டியவர் 40,000 என்று எழுதிவிட்டார். மூன்று சுழிகள் விட்டுப்போயின. அந்தப் பிழை பெருகிப் பெருகி, வேண்டிய ஆற்றலில் எள்ளளவும் அந்தப் பீரங்கிக்கு இல்லாமல் போயிற்று. சுழி பிழைத்தது; உலகம் பிழைத்தது!

வாய்விட்டுச் சிரிக்கலாம். நாமும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் இரண்டு கேள்விகள் எழுந்தன.

முதலாவது, உலகைக் காத்தது எது? சட்டமா? அது ஏலத்துக்கு முத்திரை குத்தியது. மக்களின் சினமா? அது காலம் கடந்து வந்தது. அறிவா? அது கூலிக்குக் கணக்குப் போட்டது. காத்தது ஒரு தொலைபேசி மணி! வெர்ன் தம் வாசகரைத் தப்பவிட்டுவிட்டார் என்கிறோம். கணக்கு சரியாயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பக்கத்தை அவர் எழுதவே இல்லை. பகடி எழுதுவோர்க்கு இது பழைய நோய்; கத்தியை ஓங்கிக் காட்டி, பின்னர் அதனால் பழம் நறுக்கிக் கொடுப்பார்கள்.

இரண்டாவது, அந்த மலையைக் குடைந்தவர் யார்? ஆப்பிரிக்க மக்கள், ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்கு ஒரு மன்னன், கேலிக்குரிய பெயரோடு. அவன் பீரங்கிக்காரர்களைக் கண்டு மயங்கி ஆள் அனுப்புகிறான். மலை அவர்களுடையது, உழைப்பு அவர்களுடையது. வெடித்தால் முதலில் சாவதும் அவர்களே. அவர்களில் ஒருவருக்கேனும் பெயர் உண்டா? பேச்சு உண்டா? பால்டிமோர்க் கனவான் ஒவ்வொருவருக்கும் மூக்கும் மீசையும் வரைந்த எழுதுகோல், கிளிமஞ்சாரோவில் வெறும் கூட்டத்தையே கண்டது. மாஸ்டன் விட்ட சுழிகள் மூன்று. வெர்ன் சுழியாக்கி விட்டவர்களோ ஆயிரக்கணக்கானோர். அந்தக் காலத்து ஐரோப்பியர் அப்படித்தான் எழுதினர் என்று சமாதானம் கூறுவர். அந்தக் காலத்தைப் பார்த்து நகைக்கத் துணிந்தவருக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

இனி, வெர்ன் அறிந்திருக்க முடியாத ஒன்றைச் சொல்லவேண்டும். முதல் நூலில் அவருடைய வீரர்கள் நிலவைக் குறிவைத்தார்கள். மூன்றாம் நூலில் உலகின் அச்சைக் குறிவைத்தார்கள். இரண்டும் வேறு வேறு கதைகள் என்றே அவர் எண்ணினார். இரண்டும் ஒன்று! உலகின் அச்சை நிலையாகப் பிடித்து வைத்திருப்பதே நிலவுதான்.

நம் ஞாலம் 23.4 பாகை சாய்ந்து சுழல்கிறது. கோடையும் மாரியும் அச்சாய்வின் கொடை. சாய்வு முழுக்க அசையாமல் இல்லை. ஏறத்தாழ 41,000 ஆண்டுக்கொரு முறை 22.1க்கும் 24.5க்கும் இடையே மெல்ல ஆடுகிறது. பனியூழிகள் வந்து போனதற்கு அந்தச் சிற்றாட்டமும் ஒரு காரணம் என்கிறார்கள். இரண்டரைப் பாகைக்கே கண்டங்களைப் பனி மூடுமென்றால், இருபது பாகை, நாற்பது பாகை ஆடினால்? செவ்வாய்க் கோளைப் பாருங்கள். அதற்குத் துணை இரண்டு சின்னஞ்சிறு பாறைத் துண்டுகளே. அதன் அச்சு ஊழிதோறும் தாறுமாறாக ஆடி வந்திருக்கிறது, 0 முதல் 60 பாகை வரை ஆடக்கூடும் என்று கணக்கு.

நிலவு எவ்வாறு பிடித்து வைக்கிறது? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சலின் தாளமறிந்து தள்ளினால் சிறு குழந்தை தள்ளினாலும் அது உயர உயர எழும்பும். தாளம் தப்பித் தள்ளினால் பெரியவர் தள்ளினாலும் எழும்பாது. மற்றக் கோள்கள் நம் ஞாலத்தை எப்போதும் மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஞாலத்தின் அச்சோ பம்பரத்தின் தலைபோல் 26,000 ஆண்டுக்கொரு முறை வட்டமிடுகிறது. அந்த வட்டத்தை அவ்வளவு விரைவாக்குவதில் பெரும்பங்கு நிலவின் ஈர்ப்புக்கே. நிலவு இல்லையென்றால் வட்டம் மந்தமாகும், கோள்களின் தள்ளலோடு தாளம் ஒத்துப்போகும், ஊஞ்சல் எழும்பும். பிரெஞ்சு விஞ்ஞானி ழாக் லஸ்கார் தோழர்களுடன் சேர்ந்து 1993இல் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார். நிலவில்லா ஞாலத்தின் சாய்வு 0 முதல் 85 பாகை வரை திரியக்கூடும் என்றது அவர் கணக்கு. 2012இல் வேறு சிலர், அவ்வளவு கொடிதாக இராது, ஆட்டம் மெதுவாகவே நிகழும் என்றனர். அறிவுலகில் இப்படித் திருத்திக்கொள்வது பெருமையே. ஆயினும் நிலவு இருப்பதால் நிலை பெற்றோம் என்பதில் இருசாராரும் ஒத்தே நிற்கின்றனர். வெர்னின் நாட்டிலேயே, அவர் விட்ட கணக்கை இன்னொருவர் முடித்தார் என்பது நமக்கு ஏனோ மகிழ்ச்சி தருகிறது.

கடலின் ஓதம் நிலவால் வருவது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும், விரிக்கவில்லை. அந்த ஓதத்தின் உராய்வால் நாள் மெல்ல நீள்கிறது என்பதும், நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்கிறது என்பதும் அத்தனை பேர் அறியாதவை. விலகுவதை அளந்தது எதனால்? அப்பல்லோ வீரர்களும் சோவியத் வண்டிகளும் அங்கே விட்டுவந்த கண்ணாடிகளில் இங்கிருந்து ஒளியை வீசி, அது திரும்பும் நேரத்தைப் பார்த்து! குண்டுக்குப் பதிலாகக் கண்ணாடி போயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேலாக அது விடை சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் மனிதன் நிலவை அசைத்துவிடுவானோ என்று அஞ்சவேண்டுமா? வேண்டியதில்லை. அத்தகைய அச்சத்தை ஊட்டிப் பிழைக்கும் படங்களும் கதைகளும் உண்டு. நாம் அந்தப் பறையை அறையப் போவதில்லை. நிலவின் எடை கிலோகிராம் கணக்கில் 73 என்று எழுதி 21 சுழி இட்ட எண். உலகிலுள்ள அணுகுண்டு அத்தனையும் ஒருங்கே வெடித்தாலும் அதன் பாதை மாறாது. தோண்டி எடுத்துக் குறைத்துவிடலாம் என்பதும் வீண். அங்கே மாஸ்டனின் மூன்று சுழி போதாது!

கெடக்கூடியது வேறு. நிலவில் காற்று இல்லை, மழை இல்லை. பட்ட வடு ஆறாது. 1969 நவம்பரில் அப்பல்லோ 12 இறங்கியது. அதற்கு இரண்டாண்டு முன்னர் அங்கே இறங்கியிருந்த சர்வேயர் 3 என்னும் கருவி ஏறக்குறைய 160 மீட்டர் தொலைவில் நின்றது. வீரர்கள் அதன் உறுப்புகள் சிலவற்றைக் கழற்றி வந்து பார்த்தபோது, தம் கலம் இறங்கியபோது கிளப்பிய தூசியே அதன் மேற்பரப்பைச் சுரண்டியிருக்கக் கண்டனர். ஒரே ஒரு கலம். ஒரே ஓர் இறக்கம்! இன்று தென்முனையில் ஒரே பகுதியை நாடி ஐந்தாறு நாடுகளும் அவற்றோடு வணிக நிறுவனங்களும் விரைகின்றன. அங்கே கதிரவன் எட்டிப் பாராத பள்ளங்களில் பல கோடி ஆண்டுகளாகப் பனிநீர் உறைந்து கிடக்கிறது. உலகுக்கு நீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை எழுதிய ஏடு அதுவாக இருக்கலாம். படிக்குமுன் உருக்கிக் குடித்துவிட்டால்? மறுபுறத்தில் இன்னொரு செல்வம் உண்டு. அது அமைதி. மண்ணுலகின் வானொலி இரைச்சல் எட்டாத அந்த இடத்தில் அண்டத்தின் மெல்லிய ஒலியைக் கேட்கலாம் என்று வானியலார் காத்திருக்கின்றனர். அங்கேயும் கலங்கள் போய் இரைச்சல் போட்டால் அந்தச் செவி மூடிப்போகும்.

யார் தடுப்பது? 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை, நிலவில் அணுகுண்டு வைக்கலாகாது என்றது. எந்த நாடும் நிலவைத் தன் உடைமை ஆக்கிக்கொள்ளலாகாது என்றும் விதித்தது. ஏ-119க்குக் கதவு அடைக்கப்பட்டது, நன்று. 1979இல் இன்னோர் உடன்படிக்கை, நிலவும் அதன் வளமும் மாந்தர் அனைவரின் பொதுச்செல்வம் என்றது. அதை ஏற்று உறுதிசெய்த நாடுகள் இருபதுக்கும் குறைவு. ஆள் ஏற்றி அனுப்ப வல்ல எந்த நாடும் அவற்றில் இல்லை. இந்தியா 1982இல் கையெழுத்திட்டது, உறுதி செய்யவில்லை. 2015இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. நிலம் எவருக்கும் சொந்தமன்று. ஆனால் தோண்டி எடுத்தது தோண்டியவனுக்குச் சொந்தம்! எப்படி இருக்கிறது நீதி? மரம் ஊருடையது, கனி மட்டும் பறித்தவனுடையது என்றால், ஏணி இல்லாதவனுக்கு அந்த ஊரில் என்ன பங்கு? 2020இல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் நிலவு மண்ணைத் திரட்டித் தர வணிகரிடம் விலை கேட்டது. ஒரு நிறுவனம் ஒரு டாலருக்குத் தருவதாக ஒப்புக்கொண்டது. மண் பெரிதல்ல, விலை பெரிதல்ல. விற்கலாம் வாங்கலாம் என்ற வழக்கத்தை நாட்டுவதே நோக்கம் என்று அவர்களே சொன்னார்கள். அதே ஆண்டில் தொடங்கிய ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில், வளத்தை எடுப்பது உடைமையாக்குவது ஆகாது என்று எழுதியிருக்கிறது. இந்தியா 2023 சூனில் அதில் சேர்ந்தது. ஆகஸ்டு 23இல் சந்திரயான் 3 தென்முனையை ஒட்டி மெல்ல இறங்கியது. அன்று மகிழ்ந்தவர்களில் நாமும் உண்டு. மகிழ்ந்த வாயாலேயே கேட்கிறோம்: 1982இல் இட்ட கையெழுத்து என்ன ஆயிற்று?

திங்களைத் தெய்வமென்று தொழுத காலம் உண்டு. அது கல்லும் மண்ணுமே என்று கண்டது மனித அறிவின் வெற்றி. அவ்வெற்றியை நாம் ஒரு மாற்றும் குறைத்துப் பேசவில்லை. தெய்வம் போனது என்பதால் கடைக்காரன் வரவேண்டும் என்பது எந்த அறிவின் முடிவு? கோயிலென்று நெருங்காதிருந்த இடத்தைக் கொள்ளையென்று நெருங்குவதற்குப் பகுத்தறிவு என்று பெயரிட்டால், பார்பிகேனும் பகுத்தறிவாளரே ஆவார். அவர் கணக்கறிந்தவர், கடவுளுக்கு அஞ்சாதவர், ஆறு மணி நேரம் உரையாற்றினாலும் தொண்டை கட்டாதவர்!

வெர்னைத் தமிழில் தர முன்வருவோர்க்கு ஒரு வேண்டுகோள். மூன்று நூலையும் ஒரே கட்டாகத் தாருங்கள். இளைஞர்க்கென்று சுருக்கும்போது முதல் நூலின் தொடக்கத்தை, அந்த ஒற்றைக் கைக்காரர்களின் ஒப்பாரியை வெட்டிவிடாதீர்கள். மூன்றாம் நூலின் ஏலக் காட்சியையும் முழுதாகவே தாருங்கள். கிளிமஞ்சாரோ பற்றிய பக்கங்களுக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். முதற்பதிப்பில் பாதூரோ என்னும் சுரங்கப் பொறியாளர் எழுதிய கணக்குப் பின்னிணைப்பு ஒன்று உண்டு. பதிப்பாளர் அதைத்தான் முதலில் நீக்குவார், தாள் விலை ஏறிவிட்டது என்பார். விடாதீர்கள். படிக்கும் பிள்ளைகள் உட்கார்ந்து சுழிகளை எண்ணிப் பார்க்கட்டும்.